வேர்க்காத தோல்

கண்ணு,

நேற்று மத்தியானம் சதீஷ் எனக்கு ஃபோன் செய்தான். உன்னோடு ஒரே ரூமில் தங்கி அதே சோலார் கம்பெனியில் வேலை பார்க்கிற சின்னசேலத்துப் பையன் என்று அவனே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கடையில் கூட்டமில்லாத நேரம். "ஆன்ட்டி, அண்ணனுக்குத் தெரியாமத்தான் பேசுறேன். போன வாரம் சைட்ல நின்னுக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. தண்ணி ஊத்தி ஜீப்பு நெழல்ல படுக்க வெச்சோம். வூட்ல சொல்லக் கூடாதுன்னுட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றான். நான் முதலில் கேட்டது, "கை கால்ல எதனா தடவுறானாப்பா?" என்றுதான். "ஒண்ணும் தடவுறதில்லீங்க. முழுக்கை சட்ட போட்டுக்கினு வெயில்லயே நிக்கிறாரு. எனக்குத்தான் வேர்வையே வராதே, நான் நின்னா இன்னான்றாரு" என்றான். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும், கையிலிருந்த வளையல் டப்பாவை அப்படியே கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். லிக்விட் பாரஃபின் எண்ணெய் பாட்டில், டாக்டரம்மா எழுதிக்கொடுத்த யூரியா கிரீம், பெட்ரோலியம் ஜெல்லி டப்பா, உதட்டுக்கான பாம், எல்லாம் நீ வைத்தது வைத்தபடி இருக்கின்றன. ஒன்றைக்கூட நீ எடுத்துக்கொண்டு போகவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டுப் போகிற பிள்ளை இல்லை நீ. ஸ்கூல் டூருக்குப் போகும்போதுகூடத் துணிக்கு முன்னால் அவற்றைத்தான் பையில் வைப்பாய். வேண்டுமென்றுதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் அப்பாவிடம் சொன்னேன். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "ஃபோன எடுக்கலன்னா எழுதி அனுப்பு. காயிதத்தக் கிழிச்சிப் போட மனசு வராது அவனுக்கு" என்றார். அதனால் எழுதுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். இதே மாதிரி தோலோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

உன் ஏழுமலை மாமாவைப் பற்றி உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். கரும்பு வெட்டப் போன இடத்தில் இறந்துபோனார் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவருடைய போட்டோகூட நம்மிடம் கிடையாது. எனக்கு ஒரே அண்ணன் அவர். கரியாலூருக்கு மேலே, மலையில் எங்கள் காட்டில் சாமையும் கேழ்வரகும் போடுவோம். மார்கழி பிறந்துவிட்டால் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் கருத்து, செதில் செதிலாகப் பிரிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். படுத்து எழுந்தால் பாயில் உமி கொட்டினாற்போல் கிடக்கும். குதிகால் வெடிப்பில் ரத்தம் கசியும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து வாத்தியார் அவரைத் தனியாக உட்கார வைத்தார். அஞ்சாவதோடு அவரே நின்றுவிட்டார். எங்கம்மா விளக்கெண்ணெய் தடவுவார், வேப்பெண்ணெய் தடவுவார். கீழே போய் வந்த ஒருத்தர் படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிக்கொடுத்தார். அதை இரண்டு காலிலும் முழுக்கத் தடவி, தோல் வெந்துபோய், அந்தத் தை மாசம் முழுக்க அண்ணனால் நடக்க முடியவில்லை.

அவருக்கு வேர்க்காது. காட்டில் களையெடுக்கும்போது நாங்களெல்லாம் தொப்பலாக நனைந்து நிற்போம், அவர் உடம்பு மட்டும் காய்ந்து கிடக்கும். முகம் மட்டும் செவேலென்று ஆகிவிடும். முடியாமல் போனால் ஓடைக்குப் போய் சட்டையோடு தண்ணீரில் படுத்துக்கொள்வார். எங்கப்பா கரையில் நின்று, "எரும மாரி படுத்துக்கினு இருக்கான் பாரு" என்று திட்டுவார். சோம்பேறித்தனம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உடம்பு சூட்டைத் தாங்க முடியாமல்தான் படுக்கிறார் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். அப்போது நான் கல்யாணமாகாத பெண். சந்தையில் வாங்கிய பவுடர் டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே அதைக் கேட்டார். முகத்தில், கழுத்தில், கையில் எல்லாம் நானே போட்டுவிட்டேன். காய்ந்த தோலில் பவுடர் போட்டால் என்ன ஆகும் என்று இன்றைக்கு என்னிடம் வருகிற காலேஜ் பெண்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. கோடு கோடாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. அது போதாதென்று வாசலில் பெண்ணின் அம்மா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் பேன்ட்டைத் தூக்காமல் அப்படியே பாதத்தில் ஊற்றிக்கொண்டார். "பேன்ட்டு நனையுதே, தூக்கிக்கினு ஊத்திக்கோங்க தம்பி" என்று அந்த அம்மா அன்பாகத்தான் சொன்னார். அண்ணன் தூக்கினார். அந்த அம்மா காலைப் பார்த்தார். உள்ளே போன பிறகு எங்கப்பாவிடம் மெதுவாக, "இது ஒட்டுமாங்க?" என்று கேட்டார். "ஒட்டாதும்மா, பொறந்ததுலேந்து இருக்குது" என்றார் அப்பா. டீ கொடுத்தார்கள். பெண் வெளியே வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்துவந்தோம். திரும்பும்போது அண்ணன் எங்களுக்கு முன்னால் நடந்தார். வழியில் ஓடையில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்து, "பவுடரு நல்ல வாசனையா இருக்குது. வெச்சிக்கோ, உனக்கு ஆவும்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பங்குனியில் கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு கீழே இறங்கிவிட்டார். மலையில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை அவருக்கு. கரும்புச் சோகை தோலைக் கிழிக்கும் என்று முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வெட்டினார். மேஸ்திரிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. "இவன மாரி ஆளு கெடைக்க மாட்டான், ஒரு சொட்டு வேர்வ வராது, உக்காரவே மாட்டான்" என்று மற்றவர்களிடம் சொல்வாராம். பிறந்ததிலிருந்து இந்த உடம்பை ஒருத்தர் பாராட்டி அண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதனால் உட்காராமல் வெட்டியிருக்கிறார். கரும்புக்குள் காற்று வராது. பக்கத்தில் ஓடையும் இல்லை. கூழ் குடிக்கக் கூப்பிட்டபோது வரவில்லை என்று தேடிப்போனால் கரும்புச் சால் நடுவில் குப்புற விழுந்து கிடந்தார். உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்ததாம். காக்காய் வலிப்பு என்று நினைத்து கையில் இரும்பைக் கொடுத்து, சுற்றி நின்றுகொண்டு, அவர் தெளிவார் என்று காத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. வலிப்பு வந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். டிராக்டரில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி, கருணாபுரத்துக்கு வந்து, நீ பிறந்தாய். பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா உன்னைக் குளிப்பாட்டிவிட்டு, "இன்னாம்மா இது, புள்ள ஒடம்புலேந்து மாவு உதுர்ற மாரி உதுருது" என்றார். உன் கணுக்காலைப் பார்த்தேன். யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் அப்பாவிடம் அன்றே சொன்னேன், இது எங்கண்ணனுக்கு இருந்தது என்று. அவர் உன்னை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, "இருந்துட்டுப் போவுது, ஆஸ்பத்திரி இருக்குதுல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் நான் எத்தனையோ விஷயத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தோல் டாக்டரம்மா உன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். அண்ணனைச் சொன்னேன். "இப்ப எங்க இருக்கார்?" என்றார். இறந்துபோனதைச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். கரும்புக் காட்டில் விழுந்ததைச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அவருக்கு வேர்க்காதா?" என்றார். ஆமாம் என்றேன். இந்தத் தோலில் செதில் அடைத்துக்கொள்வதால் வேர்வை சரியாக வெளியே வராது, உடம்பு தன் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளாது, நிழலில் கொண்டுபோய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று விளக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது அம்மா வழியா பையனுக்கு வர்றதும்மா. உங்களுக்கு இருக்காது, நீங்க கொண்டுவந்து குடுப்பீங்க, அவ்ளோதான். யார் மேலயும் தப்பில்ல" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உனக்குப் பால் கொடுத்தேன். தண்ணீரில் படுத்திருந்த அண்ணனைக் கரையில் நின்று திட்டின சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்த டாக்டரம்மா சொன்னதுதான் உன்னை வளர்த்தது. குளித்துவிட்டு வந்து துண்டால் தேய்க்காதே, ஒற்றி எடு, ஈரம் காய்வதற்குள் எண்ணெயைத் தடவு. வெந்நீர் வேண்டாம். ரொம்ப நுரைக்கிற சோப்பு வேண்டாம். நீ ஸ்கூலுக்குப் போன பிறகு நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்த ஃபேன்சி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்ததே பாதி இதற்காகத்தான். எந்தக் கிரீம் புதிதாக வந்தாலும் முதலில் என் கையில் தடவி, பிறகு உன் காலில் ஒரு ஓரத்தில் தடவிப் பார்ப்பேன். வாசனை ஜாஸ்தி இருக்கிறதெல்லாம் உனக்கு ஆகாது. தண்ணீர் மாதிரி ஓடுகிற லோஷன் தடவும்போது நன்றாக இருக்கும், ஸ்கூல் பெல் அடிப்பதற்குள் காய்ந்துவிடும். டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டிக் கிரீம்தான் நிற்கும். கிளிசரின் சோப்பு, கண்ணாடி மாதிரி இருக்குமே, அது ஒத்துக்கொண்டது. ராத்திரி குதிகாலுக்கு ஜெல்லி வைத்து மேலே பழைய சாக்ஸ் போட்டுவிடுவேன். ஃபேன் காற்றில் சாக்ஸோடு தூங்குகிற ஒரே பிள்ளை இந்தத் தெருவிலேயே நீதான். சங்கராபுரத்திலிருந்து, தியாகதுருகத்திலிருந்து எல்லாம் பெண்கள் என்னைத் தேடி வருகிறார்கள். காய்ந்த முகத்துக்கு காம்பாக்ட் கேட்டால் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். "பவுடர் வேணாம் பாப்பா, இந்த கிரீம் ஃபவுண்டேஷன எடுத்துக்கோ, கூட ஒரு சொட்டு மாய்ஸ்சரைசர் கலந்து போடு. லிப்ஸ்டிக்ல மேட் வேணாம், உதடு உரியும். சன்ஸ்கிரீன் ஜெல்லு வேணாம், கிரீமா இருக்கறத எடு" என்பேன். எல்லாம் உன் உடம்பில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

உன் நிச்சயதார்த்தத்தன்று நான் உன் கழுத்துக்கும் கைக்கும் பூசிவிட்டதை நீ தப்பு என்று நினைக்கிறாயா என்று தெரியவில்லை. நான் நினைக்கவில்லை. அந்த மண்டபத்தில் பூசாத முகம் யாருடையது? உன் நிறத்துக்கு இரண்டு ஷேடு கலந்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி விரல் இடுக்கு வரைக்கும் கொண்டுவந்தேன். நீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "இப்டியே இருந்தா நல்லா இருக்கும்லம்மா" என்றாய். ரேவதி உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற போட்டோவை எல்லாருக்கும் அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் உனக்குப் பயம் பிடித்தது. அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முழு உடம்புக்கும் நிற்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாய். கல்யாணத்துக்கு மறுநாள் நீ குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். அவள் அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்கட்டும் என்று சொன்னேன். நீ ஒத்துக்கொள்ள ரொம்ப நாளானது.

ரேவதியைப் பார்த்துச் சொல்லத் திருக்கோவிலூருக்கு நீயும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்துகொண்டேன். நீயும் ரேவதியும் ஆற்றுப் பக்கம் போய்ப் பேசினீர்கள். நீ திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சொல்லிட்டியா?" என்றேன். "சொல்லிட்டேன். கால காட்டுனேன். தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டா. தொட்டா" என்றாய். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான், "தொட்டுட்டு பாட்டில் தண்ணில கை கழுவிக்கினா" என்றாய். இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா உன் அப்பாவிடம் பேசினார். "பொண்ணு பயப்படுதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. வெளியில வேற காரணம் சொல்லிக்கலாம்" என்றாராம். உன் அப்பா சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டு, காலையில்தான் கழுவிய ஆட்டோவை மறுபடி கழுவப் போய்விட்டார். நீ பையை எடுத்து வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "உன்னாலதான் வந்துது. உன்னாலயே போச்சு." சென்னையில் ஏசி ஆபீஸில் இருந்தவன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்து வெயிலுக்குப் போனாய்.

நீ சொன்னதில் முன் பாதி உண்மை. என் வழியாகத்தான் வந்தது. பின் பாதியைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. மறைத்து நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று சாமான் அடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். இருந்திருக்காது என்று ஒரு நாள் தோன்றும். என் பிள்ளையை நானே உட்கார்த்திவைத்து வெட்டிவிட்டேனோ என்று மறுநாள் தோன்றும். இதில் உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் நடந்தது, நீ போன பிறகு. ரேவதி கடைக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். மற்றவர்கள் போகும் வரைக்கும் பொட்டு அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆன்ட்டி, அவரு என்கிட்ட பேசவே மாட்றாரு. நான் கை கழுவுனத தப்பா எடுத்துக்கினாருன்னு நெனைக்கிறேன். அவரு கால்ல எண்ண தடவி இருந்தாரு, என் கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சி, சுடிதார்ல பட்டுடும்னுதான் கழுவுனேன்" என்றாள். நம்பலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. லிக்விட் பாரஃபின் பிசுக்கு எப்படி ஒட்டும் என்று எனக்கும் தெரியும். "அப்ப ஏம்மா வேணாம்னு சொல்லிட்டீங்க?" என்று கேட்டேன். "நான் வேணாம்னு சொல்லல. பொறக்கற கொழந்தைக்கு வருமான்னு அப்பா கேட்டாரு. எனக்குத் தெரியல. ஒண்ணும் பேசாம நின்னுட்டேன். பேசி இருக்கணும்" என்றாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். உனக்குப் பிறக்கும் பையனுக்கு வராது, மகளுக்கும் தெரியாது, ஆனால் அந்த மகள் பெறுகிற பையனுக்கு வரலாம் என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வேற எடம் பாத்துட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அழவில்லை. நானும் அவளைத் திட்டவில்லை. போகும்போது, "அவர பத்தரமா இருக்கச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பெண் திரும்பி வருவாள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வர மாட்டாள். ஆனால் அவள் உன்னை அருவருத்தாள் என்று நினைத்துக்கொண்டு நீ வெயிலில் நிற்காதே. அது நடந்ததா இல்லையா என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வருகிறது. அட்டைப்பெட்டியைத் திறந்தால் மேலே ஒரு பம்ப் பாட்டில் இருக்கும், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறது. அதில் தண்ணீர் நிரப்பி சைட்டுக்கு எடுத்துப் போ. முகத்தில், கழுத்தில், சட்டை மேல் தெளித்துக்கொண்டே இரு. நனைந்த சட்டைதான் உனக்கு வேர்வை. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உச்சி வெயிலில் வெளியே நிற்க முடியாது என்று உன் மேலதிகாரியிடம் காரணத்தோடு சொல். சதீஷிடமும் சொல்லி வை, நீ மறுபடி சாய்ந்தால் முதலில் தண்ணீர், பிறகு ஆம்புலன்ஸ் என்று. சன்ஸ்கிரீன் கிரீம் இரண்டு வைத்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை வேண்டுமென்றால் பருத்தியில் லூசாக மூன்று தைத்து வைத்திருக்கிறேன், நீ எடுத்துப்போன நைலான் சட்டையைத் தூக்கிப் போடு. லிக்விட் பாரஃபின் குளித்தவுடன். யூரியா கிரீம் ராத்திரிக்கு. இத்தனை நாள் விட்டிருக்கிறாய், கால் கண்டிப்பாக வெடித்திருக்கும். வெடித்த இடத்தில் அந்தக் கிரீம் பட்டால் சுரீரென்று எரியும். வெடிப்பில் முதலில் ஜெல்லி வை, அது மூடின பிறகு கிரீம் போடு.

ஏழுமலை மாமாவைப் பற்றி ஒன்று மட்டும் நான் யாரிடமும் பேசினதில்லை, உன் அப்பாவிடம்கூட. அண்ணனை மலைக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினபோது ஆண்கள்தான் செய்தார்கள். எங்கம்மா அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கிண்ணம் நிறைய எண்ணெய் கொடுத்தார். நான் அண்ணன் காலில் தடவினேன். உடம்பு இன்னும் ஈரமாக இருந்தது. பிறந்ததிலிருந்து நான் பார்க்காத மாதிரி அந்தத் தோல் படிந்து, மினுமினு என்று ஆகிவிட்டது. நான் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தேன். எங்கம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா அழுத்திப் பூசுடி. இனிமே அவனுக்கு எரியாது" என்றார்.

நீ இதைப் படித்து முடித்ததும் பார்சலைப் பிரித்து, காலைக் கழுவிக்கொண்டு வந்து தடவு. எரிஞ்சா அம்மாவுக்கு ஃபோன் பண்ணு.